கையால் செய்த மணிக்கூடுகள்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலியாண வீடுகளிலும், வெளிநாட்டு உறவுகள் வந்திறங்கும் நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் விலைகூடிய மணிக்கூடுகள் நிறையக் கண்ணில் படும். எனக்கு மணிக்கூட்டில் பைத்தியம் என்று தெரிந்த ஆக்கள் அப்போதெல்லாம் பக்கத்தில் வந்திருந்து கேட்பவற்றைத்தான் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கதைக்கும்போது அரைகுறையாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம்.

கையால் செய்தது என்றால் எல்லாமே கையாலா?

பெரும்பாலும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தச் சொல்லை விளம்பரக்காரர் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. ஜெனீவாவின் பேர்போன கொம்பனிகளிலும் பித்தளைத் தகட்டை வெட்டுவது, துளை போடுவது, சக்கரத்துக்குப் பல் வெட்டுவது எல்லாம் கணினி மெஷின்தான். கை அதற்குப் பிறகுதான் வருகிறது. ஓரங்களை அராவுவது, மெருகேற்றுவது, செதுக்குவது, ஒவ்வொரு பாகத்தையும் அதன் சோடிக்கு இசைத்துப் பூட்டுவது, கடைசியில் ஓட்டத்தைச் சரிக்கட்டுவது. நாட்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் நேரம் எடுப்பது இந்த இரண்டாம் பாதிதான்.

முழுக்கவே கையால் செய்தவர்களும் இருக்கிறார்கள். பிரித்தானியரான ஜோர்ஜ் டானியல்ஸ் (1926–2011) கூடு, முகப்பு, முள், சக்கரம், திருகாணி வரைக்கும் தன் பட்டறையிலேயே செய்தார். ஒரு மணிக்கூட்டுக்கு வேண்டிய தொழில்கள் வழக்கமாகப் பலர் கையில் பிரிந்து கிடப்பவை. அவ்வளவையும் ஒருவரே கற்றுக்கொண்டது அந்தத் துறையில் மிக அபூர்வம். ஸ்பிரிங்கின் பலத்தைத் துளித்துளியாக விடுவதற்கு அவர் கண்டுபிடித்த 'கோ-அக்சியல்' என்ற பூட்டு அமைப்பை 1999 இல் ஒமேகா கொம்பனி எடுத்துத் தன் மணிக்கூடுகளில் போடத் தொடங்கியது. அதாவது, ஒற்றை மனிதனின் மேசையில் பிறந்த யோசனை இன்றைக்குத் தொழிற்சாலையிலிருந்து ஆயிரக்கணக்கில் வெளிவருகிறது.

எதிர்க்கரையில் நிற்பது ஸ்வொட்ச். 1983 இல் வந்தது. மொத்தம் 51 பாகங்கள், பிளாஸ்டிக் கூடு, மெஷின் வரிசையிலேயே பொருத்தி ஒட்டி முடித்துவிடுவார்கள். பழுதானால் திறக்க வழியில்லை, எறிய வேண்டியதுதான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. சுவிஸ் மணிக்கூட்டுத் தொழில் மூச்சு விட வழிசெய்தவற்றில் அந்த மலிவான பிளாஸ்டிக் மணிக்கூடும் ஒன்று. ஆனால் அது வேறு சாமான்.

என் குவார்ட்ஸ் மணிக்கூடு சில ஆயிரம் ரூபாய்தான், நேரமும் சரியாகக் காட்டுகிறது. இலட்சக்கணக்கில் கொடுத்து வாங்குவது அதைவிடச் சரியாகக் காட்டுமா?

காட்டாது. பற்றறியில் ஓடும் உங்கள் மணிக்கூட்டுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் கல் ஒரு விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. சாதாரண குவார்ட்ஸ் மாதத்துக்கு 15 விநாடி அளவில் முன்பின்னாகும். சுவிஸில் 'குரோனோமீற்றர்' என்று சான்று பெறும் ஸ்பிரிங் மணிக்கூடு ஒரு நாளைக்கே 4 விநாடி பிந்தலாம், 6 விநாடி முந்தலாம். நேரம் பார்க்க மட்டும் என்றால் கையில் இருப்பதே போதும். போன் அதைவிடத் திறம்.

சரி, அந்த 4 விநாடி, 6 விநாடி எப்படி வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். உள்ளே மின்சாரம் கிடையாது. சுருட்டி வைத்த ஓர் உருக்குப் பட்டைதான் முழு பலமும். அது ஒரேயடியாக விரிந்துவிடாமல் துளித்துளியாக விடுவதற்கு ஒரு பூட்டு, அந்தப் பூட்டுக்குத் தாளம் போட ஒரு பலன்ஸ் சக்கரம், அதைத் திரும்பத் திரும்ப இழுத்து வர ஒரு மெல்லிய ஹெயார் ஸ்பிரிங். இன்றைய மணிக்கூடுகள் பலவற்றில் இந்தத் துடிப்பு விநாடிக்கு 8. ஒரு நாளைக்கு 691,200. ஒரு வருடத்துக்கு 25 கோடிக்கு மேல். கையை நிமிர்த்தினால் புவியீர்ப்பு ஒரு பக்கம் இழுக்கும், தொங்கவிட்டால் இன்னொரு பக்கம். வெக்கை ஏறினால் ஸ்பிரிங்கின் குணம் மாறும். இவ்வளவுக்கும் நடுவே ஒரு நாளின் 86,400 விநாடியில் ஐந்துதான் தப்புகிறது.

அதற்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, மணிக்கூட்டைப் படுக்க வைத்து, நிமிர்த்தி, கவிழ்த்து, ஒவ்வொரு கிடையிலும் ஓட்டத்தைக் குறித்து, பலன்ஸ் சக்கரத்தின் பாரத்தை மிக நுண்மையாகக் கூட்டிக் குறைத்துச் சரிப்படுத்தியிருக்கிறார். அந்தப் பொறுமையைக் கையில் கட்டிக்கொண்டு திரியலாம் என்பதுதான் என்னை இழுத்தது. இன்றும் இழுத்துக்கொண்டிருக்கிறது.

பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரித்தானே இருக்கின்றன? வித்தியாசம் எங்கே தெரியும்?

முன்பக்கத்தில் லேசில் தெரியாது. திருப்புங்கள். நல்ல மணிக்கூடு பலவற்றுக்குப் பின்மூடி கண்ணாடி. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று எடுத்து, பாகங்களைத் தாங்கும் தகடுகளின் ஓரத்தைப் பாருங்கள். ஓரம் முழுக்க 45 பாகையில் சரிவாக அராவி, கண்ணாடிபோல மெருகேற்றியிருப்பார்கள். அந்தச் சரிவு உள்பக்கமாக மடங்கும் மூலைக்கு வாருங்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. சுழலும் மெஷின் கருவி வட்டமானது, அதனால் அது போன உள்மூலையும் சற்று வளைந்துதான் இருக்கும். இரண்டு சரிவுகளும் ஒரு கூரான கோட்டில் சந்தித்தால், அங்கே யாரோ அரத்தைக் கையில் பிடித்து இழுத்திருக்கிறார் என்று அர்த்தம். நான் எந்த மணிக்கூட்டைக் கண்டாலும் முதலில் தேடுவது இந்த மூலையைத்தான்.

மெருகேற்றும் விதத்தையும் சொல்ல வேண்டும். சுவிஸின் ஜூ பள்ளத்தாக்கில் ஃபிலிப் டுஃபூர் என்று ஒரு மூத்த கைவினைஞர் இருக்கிறார். 1992 இல் தனியாளாக மணியடிக்கும் கைமணிக்கூடு ஒன்றைச் செய்து காட்டியவர். 2000 இல் 'சிம்ப்ளிசிற்றி' என்று மூன்று முள் மட்டும் உள்ள ஒரு மணிக்கூட்டைத் தொடங்கினார், மொத்தமே இருநூறு சொச்சம்தான் செய்தார். அதில் கடைசி மெருகுக்கு அவர் எடுப்பது அந்த மலையில் முளைக்கும் ஜென்ஷன் செடியின் காய்ந்த தண்டை. அதைக் கூராகச் சீவி, வைரத்தூள் பசையில் தொட்டு, சரிவின் மேல் ஓட்டுவார். இந்தக் காலத்திலும் அந்த வேலைக்கு அதைவிட நல்ல கருவி அவருக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்று, கறுப்பு மெருகு. ஓர் உருக்குப் பாகத்தைத் தகரத் தட்டின் மேல் வைரத்தூள் பசையில் வைத்து, விரலால் அழுத்தி வட்டம் வட்டமாகத் தேய்ப்பார்கள். முகம் முழுக்க ஒரே சமதளம் ஆகும்வரை தேய்க்க வேண்டும். ஆகிவிட்டால், ஒரு கோணத்தில் பளீரென்று வெள்ளை, கொஞ்சம் சரித்தால் கன்னங்கறுப்பு, இடையில் சாம்பல் நிறமே இருக்காது. நடுவில் ஒரு தூசி புகுந்து கீறினால் மறுபடி முதலில் இருந்து.

இந்தக் கண் எங்கள் ஊருக்குப் புதிதில்லை. கன்னாதிட்டியில் பத்தர் இருந்து செய்த அட்டியலையும், அச்சில் வார்த்த காஸ்டிங் அட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் அம்மாமார் கையில் எடுத்த உடனே திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். ஒட்டு எப்படி இருக்கிறது, ஓரம் விரலில் குத்துகிறதா, யாரும் பார்க்காத இடத்திலும் வேலை சுத்தமா என்று. மணிக்கூட்டுக்கும் அதே பார்வைதான். நகைக்கு அப்படிப் பார்க்கத் தெரிந்த ஒருவருக்கு நல்ல மணிக்கூடு எதுவென்று பிடிபட அதிக நேரம் எடுக்காது.

மெஷின் மனிதனின் கையை விட நுட்பமாகச் செய்யுமே. பிறகு கை எதற்கு?

இதற்கு ரோஜர் ஸ்மித்தின் கதையைத்தான் நான் எப்போதும் சொல்வேன். ஜோர்ஜ் டானியல்ஸின் வேலையில் மயங்கிய இளைஞர் அவர். தானாகவே ஒரு சட்டைப்பை மணிக்கூடு செய்து, பிரித்தானியாவுக்கும் அயர்லாந்துக்கும் இடையில் உள்ள மான் தீவில் இருந்த டானியல்ஸிடம் கொண்டுபோய்க் காட்டினார். டானியல்ஸ் பார்த்துவிட்டு, இது கையால் செய்தது போலத் தெரிகிறது, அப்படித் தெரியக்கூடாது என்ற கருத்தில் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். ஸ்மித் சோரவில்லை. வருடக்கணக்காக இரண்டாவதைச் செய்தார். சரிவராத பாகங்களைக் கழித்து மறுபடி மறுபடி செய்தார். அதைக் கொண்டுபோனபோதுதான் டானியல்ஸ் அவரை மணிக்கூட்டுக்காரன் என்று ஏற்றுக்கொண்டார். டானியல்ஸ் காலமான பிறகும் ஸ்மித் அதே தீவில் இருந்துதான் செய்கிறார், வருடத்துக்கு மிகச் சொற்பமாக.

கைவேலை என்றால் கோணல்மாணல் இருக்க வேண்டும், அதுதான் அழகு என்று சிலர் நினைக்கிறார்கள். நல்ல மணிக்கூட்டுக்காரர் யாரும் அதை ஒத்துக்கொள்ள மாட்டார். கை அங்கே இருப்பது முடிவெடுக்க. இந்த அச்சுக்கு இந்தத் துளை சற்று இறுக்கம், இன்னும் ஒரு தேய்ப்பு வேணும், இதற்கு மேல் தேய்த்தால் கெட்டுவிடும் என்று ஒவ்வொரு பாகத்தோடும் தனித்தனியாக முடிவெடுப்பது. மெஷின் ஆயிரம் பாகத்தையும் ஒரே அளவில் வெட்டித் தள்ளும், அதில் அதை யாரும் வெல்ல முடியாது. ஆனால் இந்த ஒன்றை இந்த இன்னொன்றுக்காக இசைப்பது வேறு வேலை.

ஜேர்மனியின் கிளாஸ்ஹூட்டே ஊரில் உள்ள லாங்கே கொம்பனியில் ஒவ்வொரு மணிக்கூட்டையும் இரண்டு தடவை பூட்டுவார்கள். முதலில் முழுக்கப் பூட்டி ஓடவிட்டுச் சரிபார்ப்பார்கள். பிறகு எல்லாவற்றையும் கழற்றி, கழுவி, கடைசி மெருகு கொடுத்து மறுபடி பூட்டுவார்கள். பலன்ஸ் சக்கரத்தைத் தாங்கும் சிறு பாகத்தில் பூ வேலைப்பாடு செதுக்கியிருக்கும். அச்சில் அடிப்பதில்லை, ஒவ்வொன்றும் ஒருவர் கையால் செதுக்கியது. எது யார் செதுக்கியது என்று அங்கே வேலை செய்பவர்கள் கோட்டைப் பார்த்தே சொல்லிவிடுவார்களாம். 1845 இல் தொடங்கிய இந்தக் கொம்பனி, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கிழக்கு ஜேர்மனி அரசு எடுத்துக்கொண்டதால் பெயரே இல்லாமல் போனது. பெர்லின் மதில் விழுந்த பிறகு, 1990 இல், நிறுவியவரின் கொள்ளுப்பேரன் திரும்பி வந்து மறுபடி தொடங்கினார். இடம்பெயர்ந்து, திரும்பிவந்து, பழைய காணியில் புதிதாக வீடு கட்டிய எங்கள் சனத்துக்கு இந்த வரலாறு உடனே பிடிபடும்.

றோலெக்ஸ் கையால் செய்ததா?

மிகத் திறமான தொழிற்சாலை மணிக்கூடு அது. ஸ்பிரிங், கூடு எல்லாவற்றையும் தாங்களே செய்கிறார்கள். ஒரு நாளைக்கு 2 விநாடிக்கு மேல் முன்பின்னாக விடமாட்டோம் என்று 2015 இலிருந்து தங்களுக்கென்றே ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். பூட்டுவதில் மனிதக் கை உண்டு, ஆனால் முழு அமைப்பும் பெருந்தொகையாகச் செய்வதற்கானது. வெளிநாட்டு மாப்பிள்ளை கையில் பார்த்துவிட்டு இதுதான் உலகின் உச்சக் கைவேலை என்று நினைத்தால் அது பிழை. உறுதி, நம்பகம், மறுவிற்பனை என்று கேட்டால் நல்ல தெரிவு.

குவார்ட்ஸ் வந்த பிறகும் இந்தத் தொழில் எப்படித் தப்பியது?

மயிரிழையில்தான். 1969 டிசெம்பர் 25 இல் தோக்கியோவில் சீக்கோ 'அஸ்ட்ரோன்' என்ற முதல் குவார்ட்ஸ் கைமணிக்கூட்டை விற்பனைக்கு வைத்தது. விலை 450,000 யென், அந்தக் காலத்தில் ஒரு சிறிய காரின் விலை. பிறகு விலை விழுந்த வேகத்தில் சுவிஸ் ஆடிப்போனது. 1970 இல் ஏறத்தாழ 90,000 பேர் வேலை செய்த தொழிலில், 1980 களின் நடுப்பகுதியில் எஞ்சியது மூன்றில் ஒரு பங்கு அளவுதான்.

அந்தக் காலத்தில் ஒரு மனிதர் செய்த காரியத்தை நினைக்க இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கும். சுவிஸின் லு லொக்ல் நகரில் செனித் கொம்பனியில் வேலை செய்தவர் ஷார்ல் வெர்மோ. 1970 களின் நடுவில் அமெரிக்க முதலாளிகள், இனிக் குவார்ட்ஸ்தான், ஸ்பிரிங் மணிக்கூட்டுக்கான கருவிகளைக் கழித்துவிடுங்கள் என்று உத்தரவிட்டார்கள். 'எல் பிரிமெரோ' என்ற அருமையான ஓட்டத்தை, அதாவது மணிக்கூட்டின் உள்ளே ஓடும் முழு இயந்திரத்தை, செய்யும் அச்சுகள், வெட்டுக் கருவிகள் எல்லாம் பழைய இரும்புக்குப் போக இருந்தன. வெர்மோ அவற்றை இரகசியமாகத் தூக்கிக்கொண்டுபோய்க் கட்டடத்தின் பரணில் ஒளித்தார். எது எதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதியும் வைத்தார். 1980 களில் மறுபடி கேள்வி வந்தபோது, பரணில் இருந்து எடுத்து அதே ஓட்டத்தைத் திரும்பச் செய்தார்கள். 1988 இல் றோலெக்ஸ் தன் 'டேட்டோனா' மணிக்கூட்டுக்குப் போட்டதும் அந்த ஓட்டத்தை வைத்துத்தான். அவர் மட்டும் சொல்கேட்டு நடந்திருந்தால் அந்த வேலை நுணுக்கம் அப்படியே மறைந்திருக்கும்.

சுவிஸும் பிரான்சும் சேர்ந்து முன்வைத்த மணிக்கூட்டுக் கைவினையை யுனெஸ்கோ 2020 இல் மனிதகுலத்தின் தொட்டறிய முடியாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

எங்களுக்கும் இதில் ஓர் அனுபவம் இருக்கிறது. 1990 களில் யாழ்ப்பாணத்துக்குள் பற்றறி வரத் தடை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோ சுற்றி வானொலி கேட்ட காலம் அது. அப்போது பற்றறியைப் பற்றிக் கவலையே இல்லாமல் ஓடியவை கீ கொடுக்கும் மணிக்கூடும் கை அசைவில் ஓடும் ஓட்டோமற்றிக்கும்தான். காலையில் எழும்பி விரலால் முறுக்கிவிட்டால் அடுத்த நாள் வரைக்கும் பிரச்சினை இல்லை. யாரிடமும் எதையும் எதிர்பார்க்காமல் ஓடும் ஒரு பொருளின் அருமை அந்த வருடங்களைக் கண்டவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

எங்கள் வெக்கைக்கும் வியர்வைக்கும் இப்படிப்பட்ட மணிக்கூடு தாங்குமா?

தாங்கும், கவனித்தால். தோல்பட்டிதான் முதலில் போகும். வியர்வையில் ஊறி உட்பக்கம் வெடித்து மணக்கத் தொடங்கும். இங்கே உருக்குச் சங்கிலியோ றப்பர் பட்டியோ நல்லது. தோல்பட்டியைக் கலியாண வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கரையோரத்தில் இருப்பவர்கள் இரவில் ஈரத்துணியால் துடைத்து உலரவிட வேண்டும், உப்புக்காற்றுக்கு உருக்கும் முழுக்கத் தப்பாது.

முகப்பில் '30 மீற்றர்' என்று எழுதியிருப்பதை நம்பிக் கீரிமலைக் கேணியில் குதித்துவிடாதீர்கள். அது அசையாத நீரில் சோதித்த அழுத்தத்தின் கணக்கு. கை கழுவவும் மழைத்தூறலுக்கும் அது போதும். கிணற்றடியில் அள்ளிக் குளிக்கும்போதும் கழற்றி வைப்பது நல்லது. நீந்துவதற்கு 100 மீற்றர் வேண்டும், பக்கத்தில் இருக்கும் முறுக்குத் தலை திருகி மூடுவதாக இருந்தால் இன்னும் நிம்மதி.

பலரும் யோசிக்காத எதிரி காந்தம். ஸ்பீக்கர் பெட்டி, போன் உறையின் காந்த மூடி, ஐபாட் உறை. நேற்றுவரை ஒழுங்காக ஓடியது இன்று திடீரென்று நிமிடக்கணக்கில் முந்தினால் முதலில் காந்தத்தைச் சந்தேகியுங்கள். ஹெயார் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். காந்தம் எடுக்கும் சின்னப் பெட்டி ஒன்று இருந்தால் சில விநாடி வேலை. அதற்காக யாராவது முழு சேர்விஸ் என்று காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

இங்கே சேர்விஸ் செய்யலாமா?

சீக்கோ, சிற்றிசன், பழைய சுவிஸ் மணிக்கூடுகள் என்றால் தாராளமாக. ரவுனில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் இருந்து திருத்தும் மூத்தவர்கள் சிலரின் கை தங்கமான கை. உதிரிப்பாகம் வராத காலத்தில் ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றுக்கு இசைத்தே ஊரின் மணிக்கூடுகளை ஓடவைத்தவர்கள். நான்கு முதல் ஆறு வருடத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி ஒயில் விடவேண்டும், இல்லாவிட்டால் காய்ந்த ஒயிலில் அச்சுகள் தேயும். வெளியில் ஒயில் விட்டு மூடித் தருவதைச் சேர்விஸ் என்று ஏற்காதீர்கள்.

ஆனால் நான் மேலே சொன்ன கறுப்பு மெருகு, கூர்மூலை எல்லாம் உள்ள மணிக்கூட்டைச் செய்த இடத்துக்கே அனுப்புங்கள். திருத்துபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், திருப்புளி ஒரு தடவை வழுக்கினால் ஒருவர் நாட்கணக்கில் இருந்து செய்த முகத்தில் கீறல் விழும். பிறகு அதை எடுக்க முடியாது.

வாங்கி வைத்தால் விலை ஏறுமா?

ஏறுமென்று நம்பி வாங்காதீர்கள். 2019 இல் ஜெனீவாவில் பட்டேக் பிலிப் கொம்பனியின் மணிக்கூடு ஒன்று 3 கோடி 10 இலட்சம் சுவிஸ் பிராங்குக்கு ஏலம் போனது உண்மை. அப்படிப் போனது உலகத்துக்கே ஒன்று, அதுவும் அறப்பணிக்கான ஏலம். கடையை விட்டு வெளியில் வந்தவுடனே பெறுமதி குறையும் மணிக்கூடுகள்தான் அதிகம். சேமிப்பு என்றால் காணியும் பவுணும் இருக்கின்றன.

மலிவாகக் கிடைக்கும் போலிகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

இப்போது வெளித்தோற்றத்தில் கண்டுபிடிப்பது கஷ்டம். பின்மூடியைத் திறந்து ஓட்டத்தைப் பார்ப்பதுதான் வழி. விற்பவர் திறந்து காட்டத் தயங்கினால் அந்தப் பக்கம் போகவேண்டாம். பெட்டியும் கடதாசியும்கூடப் போலியாக வருகின்றன.

ஒரு மணிக்கூட்டுக்கு இவ்வளவு பணமா? இது நியாயமா?

எனக்கும் இந்தக் கேள்வி உறுத்தத்தான் செய்யும். கடன்பட்டு வாங்குவதையும், சீதனப் பேச்சில் மணிக்கூட்டின் பெயரைச் சொல்லிக் கேட்பதையும் நான் வெறுக்கிறேன். அது கைவேலையின் மேல் உள்ள மரியாதை கிடையாது.

ஆனால் ஒன்றைப் பார்க்க வேண்டும். காசு எங்கே போகிறது? விளம்பரத்துக்கும் நடிகரின் முகத்துக்கும் போகிறதா, பட்டறையில் குனிந்திருக்கும் ஆளின் நேரத்துக்குப் போகிறதா? இரண்டாவது என்றால் என் மனம் ஒத்துக்கொள்கிறது. சுவிஸில் மணிக்கூட்டுக்காரராக நான்கு வருடம் தொழில் பழக வேண்டும். அதன் பிறகும் நல்ல கை படிய இன்னும் பல வருடம். அந்த வேலைக்கு ஒருவரும் காசு கொடுக்காவிட்டால் அதைப் பழகவும் ஒருவரும் வரமாட்டார்கள். எங்கள் ஊரில் பனையோலைப் பின்னலும் மரச்சிற்பமும் மெலிந்துபோனது எதனால் என்று எல்லோருக்கும் தெரியும்.

என்னிடம் அவ்வளவு காசில்லை. எங்கே தொடங்கலாம்?

சீக்கோ 5 இல். 1963 இலிருந்து வருகிறது. தொழிற்சாலைச் சாமான்தான், ஆனால் உள்ளே உண்மையான ஸ்பிரிங் மணிக்கூடு. பின்மூடி கண்ணாடியாக உள்ளதை எடுத்து, பலன்ஸ் சக்கரம் துடிப்பதை நாளும் பாருங்கள். அது பழகிய பிறகுதான் மேலே உள்ளவற்றின் அருமை விளங்கும்.

கீ கொடுப்பதில் ஆசை என்றால் பெங்களூரில் செய்த பழைய எச்.எம்.ரி. ஜப்பானின் சிற்றிசனோடு சேர்ந்து 1961 இல் தொடங்கிய அரசுத் தொழிற்சாலை, இப்போது மூடியாயிற்று. எளிமையான, நேர்மையான மணிக்கூடுகள். இணையத்தில் பளபளவென்று கலர் கலராக வருபவை பெரும்பாலும் முகப்பை மறுபடி வர்ணம் அடித்தவை. மங்கிய முகப்போடு இருப்பதையே தேடுங்கள்.

இன்னும் கொஞ்சம் சேர்த்தால் சீக்கோவின் 'பிரசாஜ்' வரிசையில் எனாமல் முகப்பு உள்ளது கிடைக்கும். ஓட்டம் மெஷின் வேலை, முகப்பு மட்டும் கைத்தேர்ந்தவர்கள் பூசிச் சூளையில் சுட்டெடுத்தது. அந்த வெள்ளையின் ஆழம் அச்சடித்த முகப்பில் வராது. கைவேலையின் ஒரு துண்டை நியாயமான விலைக்கு வாங்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சுவிஸில் எங்கள் ஆக்கள் இருக்கிறார்கள். போனால் எதைப் பார்க்கலாம்?

கடைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். ஜெனீவாவில் பட்டேக் பிலிப் அருங்காட்சியகத்தில் ஐந்நூறு வருட மணிக்கூடுகள் இருக்கின்றன. லா ஷோ-த-ஃபொன் நகரின் சர்வதேச மணிக்கூட்டு அருங்காட்சியகம் எனக்கு அதைவிடப் பிடித்தது. அந்த நகரமும் பக்கத்து லு லொக்லும் மணிக்கூட்டு வேலைக்கு வெளிச்சம் கிடைக்கும்படியே வீதி வகுத்துக் கட்டப்பட்டவை, 2009 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. வீடுகளின் யன்னல் வரிசையைப் பாருங்கள். பகல் வெளிச்சம் மேசையில் விழ வேண்டும் என்பதற்காகவே அத்தனை யன்னல். அங்கே வளரும் பிள்ளைகளில் கைவேலையில் நாட்டமுள்ள ஒருவர் இருந்தால், இந்தத் தொழிற்பயிற்சியும் ஒரு வழி என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

அப்பப்பாவின் பழைய மணிக்கூடு அலுமாரியில் கிடக்கிறது. என்ன செய்யலாம்?

முறுக்கிப் பார்க்காதீர்கள். வருடக்கணக்கில் கிடந்ததில் ஒயில் பசையாகி இருக்கும், அந்த நிலையில் ஓடவிட்டால் அச்சு தேயும். முதலில் பின்மூடியைத் திறப்பித்து உள்ளே துரு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். துரு இல்லையென்றால் கழுவி ஒயில் விட்டாலே பெரும்பாலும் ஓடும்.

கொடுக்கும்போது இரண்டு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். முகப்பை மறுபடி வர்ணம் அடிக்கக்கூடாது. கூட்டை மெஷினில் போட்டுப் பொலிஷ் பண்ணக்கூடாது. மஞ்சள் பிடித்த முகப்பும் விளிம்பில் தேய்ந்த கூடும் அப்படியே இருக்கட்டும், ஏனென்றால் ஒரு தடவை சுரண்டி எடுத்தால் பழைய எழுத்தும் பழைய விளிம்பும் திரும்பி வராது. ஏதாவது பாகம் மாற்றினால் கழற்றிய பழையதைக் கேட்டு வாங்கி ஒரு சின்ன உறையில் போட்டு, திகதியும் எழுதி, மணிக்கூட்டோடு வையுங்கள். அடுத்து திருத்துபவருக்கு அதைப் பார்த்து அளவெடுக்க உதவும்.